புது கார் கண்ணாடியில் படியும் படலத்துக்கு யார் பொறுப்பு?

காஞ்சிபுரத்தில் குடியிருந்துகொண்டு தினமும் சென்னைக்குக் கார் ஓட்டி வேலைக்கு வருபவர்களுக்கு இரண்டு வேளையும் வெயில் முகத்தில்தான். காலையில் கிழக்கே பார்த்து வர வேண்டும். மாலையில் மேற்கே பார்த்துத் திரும்ப வேண்டும். கார் புதியதாக இருந்துவிட்டால் இதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. சாய்வெயில் பட்ட மாத்திரத்தில் முன்கண்ணாடி முழுவதும் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. முன்னால் போகும் லாரியின் பின்பக்கம் ஒரு நிழலாக மட்டும் தெரிகிறது. வாஷர் தண்ணீரை அடித்து வைப்பரைப் போட்டாலும் பலனில்லை, ஏனென்றால் அந்த வெள்ளை இருப்பது கண்ணாடியின் உள்பக்கம். விரலால் இழுத்தால் தடம் விழும். விரல் நுனியில் லேசான பிசுபிசுப்பு ஒட்டும்.

கார் வாங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. உள்ளே யாரும் சிகரெட் பிடித்திருக்க மாட்டார்கள். குழந்தைகள் கை வைத்திருப்பார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். ஏசி கேஸ் கசிகிறதோ என்று சிலர் பயப்படுகிறார்கள். வாட்டர் வாஷ் கடைப் பையன் அழுக்குத் துணியால் துடைத்துவிட்டான் என்று திட்டுபவர்களும் உண்டு. சர்வீஸ் சென்டரில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “புது வண்டில அப்படித்தான் சார் இருக்கும், துடைச்சா போயிடும்” என்பது. பதிலின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியில்தான் நாம் நின்று கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தப் படலத்தைக் கொடுப்பது கார்தான். டேஷ்போர்டு, கதவுப் பலகை, இருக்கை உறை, கூரைத் துணியை ஒட்டியிருக்கும் பசை, இருக்கைக்குள் இருக்கும் பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச், ஒயர்களின் மேலுறை என்று ஒரு காருக்குள் நம்மைச் சூழ்ந்திருக்கும் பொருள்களில் பெரும்பாலானவை பெட்ரோலிய வேதிப்பொருள்களிலிருந்து வந்தவை. பி.வி.சி.யை எடுத்துக்கொள்வோம். இயல்பில் அது விறைப்பான பிளாஸ்டிக். வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் தட்டிப் பார்த்தாலே தெரியும். அதே பி.வி.சி. தோல்போல வளைந்து மெத்தென்று இருக்க வேண்டுமானால் எண்ணெய் போன்ற நெகிழ்விப்பான்களை அதற்குள் கலக்க வேண்டும். 1926-ல் அமெரிக்க வேதியியலாளர் வால்டோ செமன் கண்டுபிடித்த வழி அது. தாலேட் வகை நெகிழ்விப்பான்கள் இந்த வேலைக்குப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுகின்றன. இவை பிளாஸ்டிக் மூலக்கூறுகளோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை; அவற்றின் இடுக்குகளில் தங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். சூடேறினால் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறுகின்றன. ஸ்பாஞ்சிலிருந்தும் பசையிலிருந்தும் பல சேர்மங்கள் இப்படியே வெளியேறுகின்றன.

வெயிலில் நிறுத்திய காருக்குள் எவ்வளவு சூடேறும்? அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெம்பி நகரில் கோடை வெயிலில் கார்களை நிறுத்தி அளந்து, 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் காருக்குள் இருந்த காற்று சராசரியாக 47 டிகிரி செல்சியஸைத் தொட்டது. டேஷ்போர்டின் மேற்பரப்பு 69 டிகிரி. கத்திரி வெயிலில் வேலூரிலோ திருத்தணியிலோ காரை வெட்டவெளியில் நிறுத்திவிட்டு வருபவருக்கு இது ஆச்சரியமான எண்ணாக இருக்காது. பகலில் 69 டிகிரியில் வெந்த டேஷ்போர்டு, ஆவியைத் தனக்கு நேர்மேலே சாய்ந்திருக்கும் கண்ணாடியை நோக்கி அனுப்புகிறது. மாலையில் முதலில் குளிர்வது அந்தக் கண்ணாடி. நாம் ஏறி உட்கார்ந்து ஏசியைப் போட்டால் இன்னும் வேகமாகக் குளிர்கிறது. ஆவி அங்கே நுண்துளிகளாகப் படிகிறது. தண்ணீராக இருந்தால் காய்ந்துவிடும். இது எளிதில் ஆவியாகாத எண்ணெய்த் தன்மை கொண்டது. படிந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது, மறுநாள் அதன்மேல் இன்னொரு படிவு.

பார்வைக்கு இதனால் வரும் கெடுதல் வெளிச்சம் குறைவதால் வருவதில்லை. வெளிச்சம் சிதறுவதால் வருகிறது. நண்பகலில் நகருக்குள் ஓட்டும்போது படலம் இருப்பதே தெரியாது. எதிரே ஒருவர் ஹைபீம் எல்.இ.டி. விளக்கோடு வரும்போதுதான் ஒவ்வொரு நுண்துளியும் அந்த ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கிறது. பார்வைப்புலம் முழுவதும் ஒரு வெள்ளைத் திரை விழுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில், விளக்கில்லாத சைக்கிளில் ஓரமாகப் போகும் மீனவர் அந்தத் திரைக்குப் பின்னால் மறைந்துபோகிறார். மழை நாளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுத்தமான கண்ணாடியில் ஈரம் ஒரே பரப்பாகப் பரவும். எண்ணெய் படிந்த கண்ணாடியில் அது குட்டிக் குட்டித் துளிகளாகத் திரளும். அதனால் கண்ணாடி மூடுபனி போட்டதுபோல் ஆவது கூடுகிறது.

இதே சிக்கலை மனிதர்கள் நிலவுக்குப் போகும் வழியில் சந்தித்திருக்கிறார்கள். 1968 டிசம்பரில் மூன்று விண்வெளி வீரர்களோடு நிலவைச் சுற்றச் சென்ற அப்போலோ 8 விண்கலத்தில் ஐந்து ஜன்னல்கள் இருந்தன. அவற்றில் மூன்று மங்கிப்போயின. ஜன்னல் விளிம்பை அடைக்கப் பயன்படுத்திய சிலிக்கோன் பூச்சிலிருந்து வெளியேறிய எண்ணெய்தான் காரணம். விண்வெளித் துறை இதிலிருந்து கற்றுக்கொண்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். நல்ல துணி கொண்டுபோங்கள் என்று வீரர்களிடம் சொல்லி அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. விண்கலத்துக்குள் போகும் பொருளைக் கட்டுப்படுத்தினார்கள். ஒரு பொருளின் மாதிரியை வெற்றிடத்தில் 125 டிகிரியில் 24 மணி நேரம் வைத்திருப்பார்கள். அதிலிருந்து ஆவியாகி, 25 டிகிரியில் இருக்கும் தட்டில் படிவது எடையில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தப் பொருள் விண்கலத்துக்கு உகந்ததல்ல. இன்றுவரை உலகெங்கும் விண்கலப் பொருள்களைச் சலித்தெடுக்கப் பயன்படும் அளவுகோல் இது.

கார்த் தொழிலுக்கு இது தெரியாத சங்கதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஃபாகிங் சோதனை என்று அவர்களே ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் டி.ஐ.என். 75201 என்ற தரநிலை அதைத் தெளிவாக வரையறுக்கிறது. டேஷ்போர்டுக்கான பொருளின் ஒரு துண்டை ஒரு கண்ணாடிக் குவளையின் அடியில் வைக்கிறார்கள். குவளையை 100 டிகிரியில் மூன்று மணி நேரம் சூடாக்குகிறார்கள். மேலே மூடியிருக்கும் கண்ணாடித் தகட்டை 21 டிகிரியில் குளிர்ச்சியாக வைத்திருக்கிறார்கள். கடைசியில் அந்தத் தகடு எவ்வளவு மங்கியிருக்கிறது என்று ஒளியைப் பாய்ச்சி அளக்கிறார்கள். இன்னொரு முறையில் 16 மணி நேரம் சூடாக்கி, அலுமினியத் தாளில் படிந்ததை எடை போடுகிறார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் நடப்பதை அப்படியே ஒரு குவளைக்குள் நடத்திப் பார்க்கும் சோதனை. ஐ.எஸ்.ஓ. 6452, அமெரிக்க எஸ்.ஏ.இ.யின் ஜே1756 ஆகியவையும் இதே வகை. பெரிய கார் நிறுவனங்கள் தங்களுக்குப் பாகங்கள் தரும் சப்ளையர்களிடம் இந்தச் சோதனை முடிவைக் கேட்டு வாங்குவது வழக்கம். ஆக, எண் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் உள்ள தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டு அறைகளுக்கு அந்த எண் பழக்கமானது. பத்து லட்சம் ரூபாய் கொடுத்துக் காரை வாங்குபவரின் கண்ணில் மட்டும் அது படுவதில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். கண்ணாடியில் படிவதும் நம் மூக்கில் ஏறுவதும் அப்படியே ஒரே பொருள்கள் அல்ல. கண்ணாடியில் படிபவை எளிதில் ஆவியாகாத கனமான சேர்மங்கள்: நெகிழ்விப்பான்கள், சிலிக்கோன்கள், தீத்தடுப்பான்கள் போன்றவை. ‘புது கார் வாசனை’ என்று நாம் பிரியத்தோடு இழுத்து முகர்வது பெரும்பாலும் இலகுவாக ஆவியாகும் சேர்மங்களை. புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்திருக்கும் ஃபார்மால்டிஹைடும் பென்சீனும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவை கண்ணாடியில் படிவதில்லை. ஆனால், இரண்டு வகையும் பிறப்பது அதே டேஷ்போர்டிலிருந்தும் அதே ஸ்பாஞ்சிலிருந்தும் அதே பசையிலிருந்தும்தான். இரண்டையும் வெளியே தள்ளுவதும் அதே வெயில்தான். கண்ணாடியில் படலம் கனமாக விழுகிறதென்றால், உள்ளே இருக்கும் பொருள்கள் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருக்கின்றன என்பதற்கு அது கண்ணுக்குத் தெரியும் சாட்சி. கண்ணுக்குத் தெரியாத மற்றதைப் பற்றி நாம் கேட்பதற்கு அது ஒரு வாய்ப்பும்கூட.

அந்த மற்றதைப் பற்றி இப்போது தெரிந்திருப்பது கொஞ்சமல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வு, தினமும் 20 நிமிடங்களுக்குமேல் காரில் செலவிடுபவர்கள் பென்சீன், ஃபார்மால்டிஹைடு இரண்டிலும் அந்த மாநிலம் வகுத்திருக்கும் அன்றாட வரம்பைத் தாண்டும் வாய்ப்பு இருக்கிறது என்று கணித்தது. 2023-ல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு புதிய காரை 12 நாள்கள் திறந்தவெளியில் நிறுத்தி உள்காற்றை அளந்தபோது, ஃபார்மால்டிஹைடு சீன அரசின் வரம்பைவிட 34.9 சதவீதமும், அசிட்டால்டிஹைடு 60.5 சதவீதமும் அதிகமாக இருந்தன. 2024-ல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் வந்த ஆய்வு, அமெரிக்காவின் 30 மாநிலங்களில் 2015-லும் அதற்குப் பின்னும் வந்த 101 கார்களின் உள்காற்றைச் சோதித்தது. 99 சதவீதக் கார்களில் டி.சி.ஐ.பி.பி. என்ற தீத்தடுப்பான் இருந்தது. கோடையில் அதன் அளவு கூடியது. இருக்கை ஸ்பாஞ்ச் அதன் ஊற்றுகளில் ஒன்று என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதனால் புது காரில் ஏறியவருக்கெல்லாம் நோய் வரும் என்று சொல்வது தவறு. எந்த ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு அளவு என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை நம் ஊரில் வைத்துக் கேட்டால், முதலில் நினைவுக்கு வர வேண்டியவர்கள் கால் டாக்ஸி ஓட்டுநர்கள்.

வார இறுதியில் குடும்பத்தோடு மகாபலிபுரம் போய்வருபவர் காருக்குள் இருப்பது சில மணி நேரம். கால் டாக்ஸி ஓட்டுநர் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் வரை அதற்குள்ளேயே இருக்கிறார். விமான நிலையத்தில் சவாரிக்குக் காத்திருக்கும்போது அதற்குள்ளேயே சாப்பிட்டு, அதற்குள்ளேயே இருக்கையைச் சாய்த்துத் தூங்குகிறார். கொசுவுக்காகக் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார். கடன் வாங்கிப் புதிதாக எடுத்த வண்டி என்பதால், தவணை முடியும்வரை ஒரு நாளையும் விட முடியாது; அந்த ஆண்டுகளில்தான் வண்டியின் உள்ளே ஆவியும் அதிகம். அண்மையில் இரவில் தாம்பரத்திலிருந்து என்னை ஏற்றிவந்த ஓட்டுநர் சிக்னலுக்குச் சிக்னல் மஞ்சள் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். “எதிர்ல லைட்டு போட்டா ஒண்ணுமே தெரியல சார். துடைச்சா கோடு கோடா ஆகுது, ரெண்டு நாள்ல திரும்ப வந்துடுது. வண்டி எடுத்து மூணு மாசம்தான் ஆகுது” என்றார். இருக்கைகளில் ஷோரூமிலிருந்து வந்த பாலித்தீன் உறை அப்படியே இருந்தது. பயணிகள் அழுக்காக்கிவிடுவார்கள் என்று எடுக்காமல் வைத்திருக்கிறார். டேஷ்போர்டில் ஜெல் பெர்ஃப்யூம் டப்பா ஒன்று. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வண்டியின் உள்காற்றைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சொல்ல வேண்டியவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன். பாலித்தீன் உறையை முதல் நாளே கழற்றிவிட வேண்டும். அது ஸ்பாஞ்சின் ஆவியை அடைத்து வைக்கிறது. வெயிலில் தானும் சூடாகிறது. வெயிலில் நின்ற காரில் ஏறியதும் உடனே ஏசியைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிடக் கூடாது. நான்கு கதவுகளையும் திறந்து, இரண்டு மூன்று நிமிடம் சூடான காற்றை வெளியேற விட்டுப் பிறகு ஏற வேண்டும். கிளம்பிய பிறகும் முதல் கொஞ்ச தூரத்துக்கு வெளிக்காற்றை உள்ளே எடுக்கும் நிலையில் ஏசியை வைக்க வேண்டும். நம்மில் பலர் கார் வாங்கிய நாளிலிருந்து அந்தப் பொத்தானை உள்காற்றையே சுழற்றும் நிலையிலிருந்து மாற்றியதே இல்லை. லாரிக்குப் பின்னால் நெரிசலில் நிற்கும்போது அந்த நிலை சரி. நாள் முழுக்க அப்படியே விட்டால் உள்ளே பிறந்தது உள்ளேயே சுற்றுகிறது. நிழலில் நிறுத்துவதும், முன்கண்ணாடிக்கு வெள்ளி நிற மறைப்பு வைப்பதும் டேஷ்போர்டின் சூட்டைத் தணிக்கும். நிழலில் நிறுத்த முடிந்தால் இரண்டு ஜன்னல்களை ஒரு விரல் அளவு இறக்கி வைக்கலாம்.

படிந்துவிட்ட படலத்தை எடுக்க வெறும் தண்ணீரோ ஈரத்துணியோ போதாது. எண்ணெயை இழுத்து இழுத்துக் கோடாக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் சம அளவில் கலந்தது நன்றாக வேலை செய்கிறது. மருந்துக் கடையில் வெறுமனே ‘ஸ்பிரிட்’ என்று கேட்டால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் கொடுத்துவிடுவார்கள். சில வகைகளில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும், எண்ணெயை எடுக்கப் போய் எண்ணெய் பூசியதாகும். லேபிளைப் படித்து வாங்க வேண்டும். காரை நிழலில் நிறுத்தி, கண்ணாடி குளிர்ந்த பிறகு, கதவுகளைத் திறந்து வைத்துத் துடைக்க வேண்டும். ஆல்கஹால் தீப்பற்றக்கூடியது என்பதால் பக்கத்தில் சிகரெட், ஊதுவத்தி, கற்பூரம் எதுவும் கூடாது. கலவையைக் கண்ணாடியில் தெளிக்காமல் துணியில் தெளிக்க வேண்டும். வழிந்தால் டேஷ்போர்டும் தொடுதிரையும் கெடும். ஒரு மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, உடனே இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். முதல் துணியில் விரைவில் எண்ணெய் ஏறிவிடும், பக்கத்தை மாற்றி மாற்றி மடித்துக்கொள்ளுங்கள். அந்தத் துணிகளைத் துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது. அது துணியில் தங்கி அடுத்த முறை கண்ணாடியில் ஏறும். கண்ணாடியும் டேஷ்போர்டும் சேரும் இடுக்குக்குக் கை போகாது என்பார்கள். உள்ளங்கையைத் திருப்பி, புறங்கை கண்ணாடியில் படும்படி வைத்து நுழைத்தால் போகும். உள்பக்கம் குறுக்காகவும் வெளிப்பக்கம் நெடுக்காகவும் துடைத்தால், கடைசியில் மிஞ்சும் கோடு எந்தப் பக்கத்தது என்று எளிதில் தெரிந்துவிடும். பின்கண்ணாடியில் உள்ள சூடேற்றும் கம்பிகளின் திசையிலேயே துடைக்க வேண்டும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தை ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

முதல் சில மாதங்கள் படலம் திரும்பத் திரும்ப வரும். பிறகு இடைவெளி நீளும். அடுத்த கோடையில் மறுபடி கொஞ்சம் தலைகாட்டும். டேஷ்போர்டு பளபளக்கச் சிலிக்கோன் பாலிஷ் போடுபவர்களுக்கு மட்டும் அது நிற்கவே நிற்காது, ஏனென்றால் ஆவியாவதற்கு அவர்களே வாரந்தோறும் புதிதாக ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓட்டுநரின் துணி போக முடியாத ஓர் இடமும் இன்றைய கார்களில் வந்துவிட்டது. தானாகப் பிரேக் பிடிக்கவும், சாலைக் கோட்டைக் கவனிக்கவும் உதவும் கேமரா, முன்கண்ணாடியின் உச்சியில் ஒரு மூடிய கூட்டுக்குள் இருக்கிறது. அந்தக் கூட்டுக்குள் இருக்கும் கண்ணாடிப் பரப்பிலும் இதே படலம் படியும். மனிதக் கண்ணைக் கூசவைக்கும் சிதறல் கேமராவையும் குழப்பும். அதைத் திறந்து சுத்தம் செய்வது சர்வீஸ் சென்டரின் வேலை. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய பாதுகாப்பு வசதி, காரின் சொந்த ஆவியாலேயே மங்கும் நிலை வந்த பிறகும் இதைத் துடைப்புத் துணி விவகாரம் என்று தள்ளிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம் ஊரில் இன்னொரு பெரிய ஊற்று, ஷோரூமுக்குப் பிறகு வருகிறது. டெலிவரி எடுத்த வாரத்திலேயே கார் ஆக்சஸரீஸ் கடைக்குப் போகிறது. ரெக்சின் சீட் கவர், பசை தடவி ஒட்டும் ஃப்ளோர் மேட்டிங், அதன்மேல் 7டி மேட், ஸ்டியரிங் கவர், டேஷ்போர்டு விரிப்பு. பத்தாயிரம், இருபதாயிரம் என்று செலவு செய்து, காருக்குள் இருக்கும் பி.வி.சி.யையும் ஸ்பாஞ்சையும் பசையையும் கூட்டிவிட்டு வருகிறோம். கார் நிறுவனம் தன் சப்ளையரிடம் கேட்கும் ஃபாகிங் எண்ணை இந்தப் பொருள்களுக்கு யாரும் கேட்பதில்லை. அந்தக் கடைகளில் உழைப்பவர்கள் மூடிய காருக்குள் குனிந்து உட்கார்ந்து, கையில் பசை டப்பாவோடு நாள் முழுக்க வேலை பார்க்கிறார்கள். அவர்களுடைய மூச்சைப் பற்றிப் பேச இன்னொரு கட்டுரை வேண்டும்.

உலகின் மற்ற நாடுகள் எப்படிச் செய்திருக்கின்றன என்று பார்த்தால், இது தீர்க்க முடியாத சிக்கல் அல்ல என்று தெரியும். ஜப்பானில் கார் உற்பத்தியாளர் சங்கம், அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் 13 வேதிப்பொருள்களுக்கு வகுத்த வரம்புகளைத் தானாக ஏற்று, 2007 முதல் வரும் புதிய பயணிகள் கார் மாடல்களுக்குப் பொருத்தியது. தென்கொரிய அரசு புதிய கார்களின் உள்காற்றில் ஒரு கனமீட்டருக்கு ஃபார்மால்டிஹைடு 210 மைக்ரோகிராம், பென்சீன் 30 மைக்ரோகிராம் என்று எல்லை வகுத்திருக்கிறது. மாடல்களை அளந்து முடிவுகளை மக்களுக்கு வெளியிடுகிறது. சீனா 2012 மார்ச் முதல் எட்டுப் பொருள்களுக்கு வரம்பு சொல்லும் தரநிலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கட்டாயமில்லாத தரநிலைதான், ஆனாலும் புது கார் நாற்றம் என்பதையே பெரிய குறையாகப் பார்க்கும் சீன வாடிக்கையாளர்களின் நெருக்குதல் சேர்ந்துகொள்ள, உலக நிறுவனங்கள் அங்கே முகர்ந்து பார்ப்பதற்கென்றே ஆய்வுக் குழுக்கள் வைத்தன. வேறு வேறு நாட்டு முறைகளை ஒன்றாக்க, ஐ.நா.வின் வாகன விதிமுறை மன்றம் 2017 நவம்பரில் உள்காற்றை அளப்பதற்கான பொது வழிமுறையை ஏற்றுக்கொண்டது. வரம்பு எண்களை அந்தந்த நாட்டுக்கே விட்டுவிட்டது. அந்த மன்றத்தின் 1998 உடன்படிக்கையில் இந்தியா 2006-லிருந்து உறுப்பு நாடு.

நம் நாட்டில் சட்டம் கார் கண்ணாடியைப் பற்றிக் கவலைப்படாமல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-வது விதி, முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தையும், பக்கவாட்டுக் கண்ணாடிகள் 50 சதவீத வெளிச்சத்தையும் விட வேண்டும் என்கிறது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிம்களுக்குத் தடை விதித்த பிறகு, சாலையோரத்தில் போலீஸார் நிறுத்திச் சன் ஃபிலிமை உரித்த காட்சியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வாங்கியவர் கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் குற்றம். வண்டியே தன் உடம்பிலிருந்து கசியவிட்டு ஒட்டினால் அது ‘இயல்பு’. புகைக்குழாயிலிருந்து என்ன வெளியேறுகிறது என்று 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ். 6 விதிகள் நுணுக்கமாக அளக்கின்றன. மோதினால் என்ன ஆகும் என்று 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் நட்சத்திரம் தருகிறது. வெளியே விடும் காற்றுக்கு எண் உண்டு, மோதலுக்கு நட்சத்திரம் உண்டு. உள்ளே உட்கார்ந்திருப்பவர் இழுக்கும் மூச்சுக்கு ஷோரூமில் கொடுக்கும் எந்தத் தாளிலும் ஓர் எண் இல்லை.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதம் விலை. ஆவி குறைந்த நெகிழ்விப்பானும், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பசையும் விலை கூடியவை; சிறிய கார் வாங்கும் நடுத்தரக் குடும்பத்தின் தலையில் அது விழும் என்கிறார்கள். காற்றுப்பை கட்டாயமானபோதும் இதே வாதம் வந்தது. விலையைப் பற்றி யோசிக்க வேண்டியதுதான். ஆனால், அளந்ததை வெளியில் சொல்வதற்குப் பெரிய செலவில்லை. டேஷ்போர்டுப் பொருளின் ஃபாகிங் எண்ணும், உள்காற்றில் ஃபார்மால்டிஹைடு, பென்சீன், டொலுயீன் அளவும் ஷோரூமில் மைலேஜ் எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வரட்டும். இரண்டு கார்களுக்கு நடுவே தடுமாறும் ஒரு தாய், பிள்ளையை உட்கார வைக்கப்போகும் பின் இருக்கையின் காற்றைப் பார்த்து முடிவெடுக்கட்டும். எண் வெளியே வந்துவிட்டால் நிறுவனங்கள் தாமாகவே போட்டி போட்டுக்கொண்டு அதைக் குறைக்கும். மைலேஜில் அதுதான் நடந்தது.

சட்டத்தில் வழியும் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுநருக்கும் சாலையில் செல்வோருக்கும் கேடு விளைவிக்கும் குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. கண்ணாடிப் படலத்துக்காக யாரும் காரைத் திரும்பப் பெறச் சொல்லப்போவதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. முதல் மூன்று இலவச சர்வீஸ்களிலும் உட்கண்ணாடியையும் கேமராக் கூட்டையும் சுத்தம் செய்து தருவது நிறுவனத்தின் கடமை என்று எழுதிவைத்தால் போதும். செலவு தன் பக்கம் வரும்போது, ஆவி குறைந்த பொருளைத் தேடும் அக்கறையும் அந்தப் பக்கமே போகும். ஆக்சஸரீஸ் ரெக்சினுக்கும் மேட்டுக்கும் இந்திய தர நிர்ணய அமைவனம் ஒரு ஃபாகிங் வரம்பு வைக்க வேண்டும்.

வரம்பை வகுக்கும்போது சீனத் தரநிலையை அப்படியே நகலெடுத்துவிடவும் கூடாது. சீனச் சோதனை 25 டிகிரியில் அளக்கிறது. 2023 ஆய்வில் கார் வரம்பைத் தாண்டியது உண்மையான வெயிலில் நின்றதால்தான். காற்றின் வெப்பத்தைவிட, பொருளின் மேற்பரப்பு எவ்வளவு சூடாகிறது என்பதே ஆவியை அதிகம் தீர்மானிக்கிறது என்று அந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். திருநெல்வேலியிலும் நாக்பூரிலும் விற்கப்போகும் காரை 25 டிகிரி அறையில் வைத்து அளந்து சான்றிதழ் கொடுத்தால் அந்தச் சான்றிதழால் யாருக்கும் பயனில்லை. ஐ.நா. வழிமுறையிலேயே வெயிலில் நிறுத்திய காருக்கான தனிக் கட்டம் ஒன்று உண்டு. நமக்கு அதுதான் முதன்மைச் சோதனையாக இருக்க வேண்டும். வாகன ஆய்வுக்கென்று மத்திய அரசு ஒரகடத்தில் அமைத்த உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சுற்றிலும் நாட்டின் கார் உற்பத்தியில் பெரும் பங்கு வகிக்கும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. டாக்ஸியாக அதிகம் ஓடும் மாடல்களிலிருந்து தொடங்கி, வரும் மே மாதத்திலேயே அங்கே வெட்டவெளியில் கார்களை நிறுத்தி அளக்கத் தொடங்கலாம்.